கூட்டம் போட்டோம், காலனியிலிருந்து யாரும் வரவில்லை

கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 27 வயது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குடியானத் தெருவைச் சேர்ந்தவன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கே வந்து விவசாயத்தைக் கவனிக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து எங்கள் தெரு மன்றக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பு வட்டம் தொடங்கினோம். பெரியார், அம்பேத்கர் படம் மாட்டினோம். சாதி, பெண்ணுரிமை பற்றிப் பேசினோம். முதல் இரண்டு கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், திருவிழாவின்போது சாமி ஊர்வலம் காலனிக்குப் போகாததைப் பற்றிப் பேசினேன். அது வீடியோவாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. பெரியவர்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மன்றச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மிச்சம் மூன்று பேர். அதைவிட வருத்தம், யாருக்காகப் பேசினோமோ அந்தக் காலனியிலிருந்து ஒருவர்கூட எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. இவ்வளவு பிற்போக்கான ஊரில் முற்போக்காக ஓர் அமைப்பு கட்ட முடியுமா? எங்கே தொடங்குவது? முதலில் பொதுப் பிரச்சினையை மட்டும் எடுப்போம், சாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். அது சரியா? பேசாமல் ஒரு கட்சியில் சேர்ந்துவிடலாமா?

பதில்:

தம்பி, இவ்வளவு நடந்த பிறகும் மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் அது மோசமான கணக்கு இல்லை. மன்றச் சாவி போனதற்கும் வருந்த வேண்டாம். அந்தக் கட்டடம் கையில் இருந்திருந்தால் நீங்கள் இன்னும் ஒரு வருடம் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

முதலில் அந்தப் 'பிற்போக்கான ஊர்' என்ற பேச்சை விட்டுவிடலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்பரையில்தான் 1943-ல் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியது. அதைக் கட்டிய பி. சீனிவாசராவுக்குத் தாய்மொழி கன்னடம். தமிழைக் கற்றுக்கொண்டு வந்து, சேரிகளில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு வேலை பார்த்தார். அவரும், களப்பால் குப்பு போன்ற உள்ளூர்த் தலைவர்களும் முதலில் எதைக் கையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். பண்ணையாளைச் சவுக்கால் அடிக்கக்கூடாது, சாணிப்பால் குடிக்க வைக்கக்கூடாது, கூலியை முத்திரை போட்ட மரக்காலில் அளக்க வேண்டும். மிராசுதார் வீட்டில் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் இருந்த காலம் அது. அந்த மரக்காலைக் கண்ணால் பார்த்த ஆளுக்குச் சுரண்டல் என்றால் என்ன என்று வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. சவுக்கும் சாணிப்பாலும் அதோடு ஒழிய வேண்டும் என்று எழுதினார்கள். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் காரணம். வழக்கில் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்துவிட்டது. ஆனால் அந்தப் படுகொலைக்கு அடுத்த வருடமே, 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியும் திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதியும் கம்யூனிஸ்டுகளைத் திரும்பத் திரும்ப ஜெயிக்க வைத்தவை. உங்கள் அப்பாவை மிரட்டிய பெரியவர்களில்கூட இரண்டு பேராவது அரிவாள் கதிருக்கோ உதயசூரியனுக்கோ ஓட்டுப் போட்டவர்களாக இருப்பார்கள். ஓட்டில் முற்போக்கு, ஊருக்குள் இரண்டு சுடுகாடு. டெல்டா அப்படித்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரியார் யார், அம்பேத்கர் யார் என்று தெரியாது என்று நினைத்துப் பேசத் தொடங்கினால் அவர்கள் மனதுக்குள் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரியும். அது தங்கள் வரப்புக்கும் வீட்டு வாசலுக்கும் வராதவரை அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது உங்கள் வருத்தத்துக்கு வருவோம். காலனியிலிருந்து ஏன் யாரும் வரவில்லை?

நீங்கள் கூட்டம் போட்டது குடியானத் தெரு மன்றத்தில். அந்தக் கட்டடத்துக்குள் காலனி ஆட்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்தார்கள் என்று விசாரித்தீர்களா? வெள்ளையடிக்க, பந்தல் போட, நாற்காலி இறக்க வந்திருப்பார்கள். 'எல்லோரும் வாங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் போட்டுவிட்டால் அங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்களா? உட்கார்ந்தால் அதற்கு விலை கொடுப்பது யார்? வீடியோ சுற்றியதில் உங்களுக்குக் கிடைத்தது அப்பாவின் கோபம். பத்து நாள் பேசாமல் இருப்பார், பிறகு சரியாகிவிடும். காலனியில் ஒருவர் அதே பேச்சைப் பேசியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு போகத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

அவர் இரண்டு ஏக்கர் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறார் என்று வையுங்கள். அவருடைய வயலுக்குத் தனிப் பாதை கிடையாது. டெல்டாவில் பெரும்பாலான வயலுக்குக் கிடையாது. நான்கு பேருடைய வயலைத் தாண்டித்தான் டிராக்டரும் அறுப்பு மெஷினும் போக வேண்டும். முன்னால் இருக்கிறவர் 'என் நாற்றங்காலில் இறக்காதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உழவு பத்து நாள் தள்ளிப்போகும். முறைத் தண்ணீர் அவர் மடைக்கு வருகிற ராத்திரி யாரோ மேல்மடையை அடைக்க மறந்துவிடுவார்கள். கதிர் சாய்ந்து கிடக்கும்போது மெஷின்காரருக்கு 'முதலில் எங்கள் பக்கம் முடி' என்று போன் போகும். மளிகைக் கடையில் நோட்டு மூடிவிடும். யாரும் கை ஓங்கவில்லை, யாரும் சாதிப் பெயர் சொல்லவில்லை, போலீஸில் எழுதிக் கொடுக்க ஒரு வரி இருக்காது. என்னிடம் வருகிற குத்தகை வழக்குகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. கடைசியில் 'நிலத்தை விட்டுவிடு' என்ற இடத்தில் வந்து நிற்கும்.

அதனால் அவர்கள் வராததைப் பயம் என்றோ விழிப்புணர்வு இல்லை என்றோ எழுதிவிடாதீர்கள். உங்களைவிடத் தெளிவாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பையன் இன்னும் எத்தனை மாதம் ஊரில் இருப்பான், பிரச்சினை வந்தால் அவன் அப்பா பேச்சைக் கேட்பானா நம் பேச்சைக் கேட்பானா என்று யோசித்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் மேடையில் பதில் சொல்ல முடியாது.

வீட்டில்தான் சொல்ல முடியும். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தைக் கேட்கிறேன். உங்கள் நிலத்தில் எவ்வளவு குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள்? யாரிடம்? அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நீங்களும் ஊரில் இல்லாத காலத்தில் யாராவது உழுதிருப்பார்கள். அந்த வயலுக்கு அடங்கல், அதாவது யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. தருகிற சான்று, யார் பெயரில் எடுத்தீர்கள்?

இது எதற்கு என்று புரிய, கொள்முதல் நிலையத்தில் போய் நில்லுங்கள். குறுவை அறுப்பு நேரம், புரட்டாசி கடைசி என்றால் நல்லது. நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் மழை வந்த பிறகு டெல்லிக்குக் கடிதம் எழுதி அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பார்கள், அனுமதி வருவதற்குள் பாதி முளைத்துவிடும். காலையில் தார்ப்பாயைப் பிரித்துக் காலால் தள்ளித் தள்ளிக் காய வைப்பது, மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூடுவது, ராத்திரி குவியல் பக்கத்திலேயே கொசுவலை கட்டிப் படுப்பது. பட்டியலில் முறை வந்தால் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். எடையில் கொஞ்சம் போகும், மூட்டைக்கு இவ்வளவு என்று கையிலும் போகும். பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு ஏக்கர்காரருக்கும் அதே ரேட்டுதான். கொடுக்கமாட்டேன் என்று தனியாக நின்றவருடைய நெல்லில் மட்டும் அன்றைக்கு ஈரப்பதம் ஏறிவிடும்.

உங்கள் நண்பர் சொல்கிற பொதுப் பிரச்சினை இதுதான். நல்ல பிரச்சினையும்கூட. தெருவில் இருப்பவரும் காலனியில் இருப்பவரும் ஒரே ரோட்டில் ஒரே மழையில் நிற்கிறார்கள். யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திட்டுவதற்கு எல்லோருக்கும் ஒரே ஆள். சின்னதாக ஜெயிக்கவும் முடியும். கூடுதல் தார்ப்பாய், டோக்கன் வரிசையைப் பலகையில் எழுதிப் போடுவது, எடை போடும்போது விவசாயிகள் தரப்பில் ஒருவர் பக்கத்தில் நிற்பது. முதல் வருடம் இதில் ஒன்று நடந்தாலே இருபது பேர் உங்களை நம்புவார்கள்.

ஆனால் அந்த வரிசையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா (நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஆவணம்), அடங்கல் இரண்டும் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அடங்கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. வி.ஏ.ஓ., 'நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கி வா' என்பார். நிலத்துக்காரர் கையெழுத்துப் போடமாட்டார், அவருக்கு 1955 சட்டம் ஞாபகம் வரும். குத்தகையை ஒழுங்காகக் கொடுத்துவருகிற சாகுபடிதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்கிற சட்டம் அது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் டெல்டாவில் யாரும் குத்தகையை எழுத்தில் வைப்பதில்லை. பாதுகாக்க வந்த சட்டமே ஆவணம் இல்லாமல் ஆக்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, குற்றம் சட்டத்தினுடையது இல்லை. எப்படியோ, நடப்பது என்னவென்றால் காலனிக்காரர் தன் நெல்லை நிலத்துக்காரர் பெயரில் போடுவார், பணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறும். இல்லாவிட்டால் வியாபாரிக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். புயலோ வெள்ளமோ வந்தால் நிவாரணமும் பயிர்க் காப்பீடும் அதே வழிதான். 2018-ல் கஜா அடித்தபோது உங்கள் பக்கத்தில் இதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆக, ஒரே ரோட்டில் நிற்பவர்களுக்கு நடுவிலும் ஒரு கோடு இருக்கிறது. தார்ப்பாய் கேட்கும்போது அந்தக் கோடு தெரியாது. அடங்கல் கேட்கும்போது தெரியும். முதலில் தார்ப்பாய், அடங்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன நடக்கும் என்று இந்தப் பகுதியிலேயே பார்த்தாகிவிட்டது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக ஊர் ஊராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டன. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டம் போட வைத்தார்கள். சின்ன வெற்றி இல்லை அது. ஆனால் நிலத்தைக் காப்போம் என்று ஒன்றாகக் கோஷம் போட்ட பல ஊர்களில், அந்த நிலம் இல்லாதவருக்கு என்ன என்ற கேள்வி பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. சட்டம் வந்ததும் பந்தலைப் பிரித்தார்கள், அவரவர் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே நண்பரிடம் சொல்லுங்கள்: பொதுப் பிரச்சினையை எடுங்கள், தாராளமாக. ஆனால் முதல் மனுவிலேயே 'குத்தகைச் சாகுபடி செய்பவர் பெயருக்கு அடங்கல் தர வேண்டும், நெல்லுக்கான பணம் அவர் கணக்கில் ஏற வேண்டும்' என்ற வரி இருக்க வேண்டும். இரண்டாவது மனுவில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று சண்டை போடுங்கள். அந்த வரிக்காகத் தெருவில் நான்கு பேர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போவார்கள். போகட்டும். பதினைந்து பேர் கையெழுத்தோடு அந்த வரி இருக்கிற மனு, ஐம்பது பேர் கையெழுத்தோடு அந்த வரி இல்லாத மனுவைவிட உங்களுக்கு உபயோகம். காலனியில் அதை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் சொந்தக் குத்தகைதாரருக்கு இந்தப் போகத்துக்கு அடங்கல் எடுக்க அப்பாவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். அப்பா பயப்படுவார், 'நிலம் போய்விடும்' என்பார். 1969-ஆம் வருடக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் நிரந்தரமாகப் பதிவு செய்வது அந்தச் சாகுபடிதாரரின் உரிமை, அவர் கேட்டால் நீங்கள் குறுக்கே நிற்கக்கூடாது. ஆனால் நோயில் இருக்கிற மனிதரிடம் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான் குத்தகைதாரர் பக்கம் ஆஜராகிறவள், அப்படியிருந்தும் சொல்கிறேன். ஒரு போகத்துக்குக் கையெழுத்து, பணம் அவர் பாஸ்புக்கில், அவ்வளவுதான். இதை நீங்கள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். மாலைக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிடும்.

இதைச் செய்ய முடியவில்லை என்றால், தம்பி, வாசிப்பு வட்டத்தை வாசிப்பு வட்டமாக மட்டும் நடத்துங்கள். அதுவும் கௌரவமான வேலைதான். அமைப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எங்கே உட்காருவது? மன்றம் வேண்டாம், திருப்பிக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையும் வேண்டாம். நேராகக் காலனிக்குள் போய்க் கூட்டம் போடுகிறேன் என்று கிளம்பவும் வேண்டாம், அவர்கள் கூப்பிடாமல் போனால் வம்பை அவர்கள் வாசலில் கொண்டுபோய் இறக்கியதாகிவிடும். முதலில் சில வாரம் கூட்டமே வேண்டாம். கொள்முதல் நிலையத்துக் குவியல், ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற வாய்க்கால் கரை, பஸ் ஸ்டாப் டீக்கடை இங்கெல்லாம் நின்று கேளுங்கள். பேசாதீர்கள், கேளுங்கள். யார் சொன்னார், என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப இரண்டு மூன்று பெயர் வரும். 'எதுவாக இருந்தாலும் அந்த அக்காவிடம் கேளு' என்பார்கள். அந்த ஆட்கள்தான் உங்களுக்கு வேண்டும். உங்கள் மூன்று நண்பர்களைவிட அவர்கள் முக்கியம்.

பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருக்கும். நடவு, களை என்று ஆள் சேர்த்துக்கொண்டு லோடு ஆட்டோவில் பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர், அல்லது மகளிர் குழுத் தலைவி. இருபது பெண்களுக்கு வேலை பேசி, கூலி பேசி, கங்காணித்தனம் செய்கிற ஆம்பளையைச் சமாளித்து, சாயங்காலத்துக்குள் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறவருக்கு அமைப்பு கட்டுவது பற்றி நீங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அவரிடம் பெண்ணுரிமை பேசினீர்களா? நடவு மெஷின் வந்த பிறகு எத்தனை நாள் வேலை குறைந்தது, நுண்கடன் தவணைக்கு வாரா வாரம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்களா? உங்கள் கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு என்றால் ஒரு பெண்ணும் வரமாட்டார், அது உலை வைக்கிற நேரம். வயலிலிருந்து கரையேறி, குளித்து, கொஞ்சம் கால் நீட்டுகிற மதிய நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். நேரத்தை அவர்களே சொல்லட்டும். இடத்தையும்.

டீ யார் போடுவது, எந்தக் கிளாஸில் கொடுப்பது என்பதைக்கூட முதல் நாளே யோசித்துவிடுங்கள். காலனிக்காரர் வீட்டில் டீ போட்டுத் தெருக்காரர் குடிக்கவேண்டிய கூட்டமாக அது இருந்தால், யார் உங்களோடு இருக்கிறார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பேப்பர் கப் வைத்துத் தப்பிக்கிற பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது, நான் அதைப் பார்த்தாலே எரிச்சலாகிவிடுவேன்.

கோயில் விஷயம். நீங்கள் பேசியதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சாமி வர வேண்டும் என்று காலனிக்காரர்கள் கேட்டார்களா, நீங்களாகக் கேட்டீர்களா? அவர்கள் கேட்டால் முதல் ஆளாகக் கூட நில்லுங்கள். கேட்காதபோது அவர்கள் பெயரில் நீங்கள் ஆரம்பிக்கக்கூடாது, அடி அவர்கள் மேல் விழும். சாமியைக் கும்பிடுகிறவரை எதிரியாக நினைக்கவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் உழுகிறவர்கள் ஏராளம். வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிற அதே ஆள்தான் குத்தகை பாக்கி நோட்டீஸோடு திங்கட்கிழமை என்னிடம் வருகிறார். கீழ்வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்து தங்கிய ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் காந்தியவாதிகள், சர்வோதயக்காரர்கள். செங்கொடிக்காரர்களோடு அவர்களுக்கு ஒத்துப்போகாதது நிறைய. ஆனால் 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிப் பதிவு செய்து கொடுத்தார்கள். இறால் பண்ணைகளை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினார் ஜெகந்நாதன். கறுப்புச் சட்டை, செங்கொடி, கதர் மூன்றுமே இந்த மண்ணில் வேலை செய்திருக்கின்றன. எந்தச் சட்டை என்பதை வைத்து ஆளை ஒதுக்காதீர்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. இந்தப் பக்கத்து ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூட்டியாக வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர் வந்தாக வேண்டும். பல ஊரில் அந்த எண்ணிக்கையை நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கி நிரப்புவார்கள். அதாவது உங்களுக்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எழுந்து நின்று சொற்பொழிவு செய்யாதீர்கள். ஒரே கோரிக்கை, ஒரே பக்கம், அதை எழுந்து சொல்கிறவர் அந்தப் பெண்களில் ஒருவர், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து போகாமல் இருக்கிற இருபது பேர். ஒரு வாரம் கழித்துத் தீர்மான நகல் கேட்டு, தரவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபை தீர்மானம் போட்டவுடன் எல்லாம் நடந்துவிடாது, கலெக்டர் ஆபீசில் தூசு படிந்து கிடக்கும். ஆனால் கோர்ட்டுக்கு வரும்போது எனக்கு அந்த ஒரு காகிதம் போதும், 'ஊரே கேட்டது' என்று காட்டலாம்.

சில சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்ப்பாட்டம், ஊர்வலம் என்றால் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மாவட்டங்களில் போலீஸ் சட்டம் 30(2)-ஐ, அதாவது அனுமதி இல்லாமல் கூட்டமோ ஊர்வலமோ நடத்தக்கூடாது என்கிற உத்தரவை, அடிக்கடி அமல்படுத்துவார்கள், அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்கூட்டம் போட்டுத் தண்டம் விதிப்பது, தள்ளிவைப்பது எதற்கும் சட்டத்தில் இடமில்லை. அது தலித் குடும்பத்துக்கு நேர்ந்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். 2016 ஜனவரியிலிருந்து சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நான் மேலே சொன்ன மடை அடைப்பு, பாதை மறிப்பு எல்லாவற்றையும் இதற்குள் கொண்டுவர முடியும், ஆனால் தேதி வேண்டும். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், போட்டோ இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முகநூலில் போட வேண்டாம். காலனிக்காரர்கள் முகம் தெரிகிற எந்த வீடியோவையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எங்கேயும் ஏற்ற வேண்டாம். ஒரு வீடியோ என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

கட்சியில் சேரலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள், அதில் தப்பில்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால் ஒரு கட்சிக்காரர் கூட வருவதற்கும் வராததற்கும் வித்தியாசம் இருக்கிறது, ஸ்டேஷனில் இன்னும் அதிகம். ஆனால் ஊரில் கட்டுகிற சங்கத்தைக் கட்சியின் கிளையாக ஆக்கிவிடாதீர்கள், குறைந்தபட்சம் முதல் இரண்டு போகத்துக்கு. கொள்முதல் நிலைய வரிசையில் நிற்பவர்களில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலே நம் மாநிலத்தில் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. எந்தக் கட்சியில் சேர்வது என்று என்னிடம் கேட்காதீர்கள், ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஊர்க் கிளையின் செயலாளர் எந்தத் தெருக்காரர், காலனியிலிருந்து வருகிற உறுப்பினர் அவர் வீட்டுக்குள் போவாரா, வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவாரா?

அடங்கல் ஒப்புதலுக்கு அப்பா சரி என்று சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள். குத்தகைதாரருக்கும் உங்களுக்கும் பின்னால் சிக்கல் வராதபடி ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தின் மாதிரியை அனுப்புகிறேன். சம்பா அடங்கலுக்கு வி.ஏ.ஓ. வயல் பார்க்க வருவதற்கு முன்னால் அது அவர் கையில் இருக்க வேண்டும்.